ஒழுக்கமான புல்

மாமனார் புல்லை வெட்டியது பாசத்தால்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்போது மருமகள் தொழுவத்தில் இருந்தாள். பால் கறக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம். பெல்ட் தேய்ந்திருக்கும் என்று நினைத்தாள். கறந்து முடித்து மிஷினை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் நின்றது.

மாமனார் வந்து நின்றார். முழங்கால்வரை பச்சை. புருவத்தில் ஒரு புல் ஒட்டியிருந்தது.

"வாம்மா. வந்து பாரு. அசந்துடுவ."

போனாள். அசந்துதான் போனாள்.

ஓடைக்கரை மொட்டையாக இருந்தது. நேற்றுவரை இடுப்பளவு நின்ற புல் தரையில் கிடந்தது. வெறுமனே கிடக்கவில்லை. ஒரே பக்கமாகச் சாய்த்து, வகிடு எடுத்து வாரியதுபோல வரிசை வரிசையாகக் கிடந்தது.

"எப்படி?" என்றார்.

அவள் குனிந்து ஒரு புல்லை எடுத்துப் பார்த்தாள்.

அந்தப் புல்லைப் பார்க்கத்தான் இன்று விவசாயத் துறையிலிருந்து அலுவலர் வருகிறார். ஓடையை ஒட்டி ஆறு மீட்டர் அகலத்துக்கு நிலத்தை விட்டுவிட வேண்டும். உழக்கூடாது, மருந்தடிக்கக்கூடாது, மேய்க்கக்கூடாது, வெட்டக்கூடாது. புல் தன் இஷ்டத்துக்கு வளர வேண்டும். மழையில் மண் கரைந்து ஓடையில் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு அரசாங்கம் வேலி போட்டுத் தரும், மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தரும், வருஷா வருஷம் ஒரு தொகையும் தரும். மருமகள் மழைக்காலம் முழுக்க அந்தக் கரையைக் காவல் காத்தாள். புதரைப் பார்த்துப் பூரித்தாள். ஒரு தவளை வந்ததற்குப் பால்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நிலம் மாமனார் பெயரில் இருந்தது. மூத்த மகளைக் கட்டிய மாப்பிள்ளை டைல்ஸ் வியாபாரி. அவருக்கு அங்கே கிடங்கு கட்ட ஆசை. கிடங்கு வந்தால் மேய்ச்சல் போகும், ஓடைக்குப் போகும் வழி போகும். பன்னிரண்டு மாடுகளையும் விற்க வேண்டியதுதான். பன்னிரண்டும் அவள் கையில் பால் குடித்து வளர்ந்தவை.

மாமனார் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "அரசாங்கம் ஒத்துக்கிட்டா ஓடை நிலம் மருமக கையில. ஒத்துக்கலைன்னா மாப்பிள்ளை கையில. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ஒன்றுதான் என்றவர் விடியற்காலையில் எழுந்து புல் வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டியிருக்கிறார்.

"ஏன் மாமா?" என்றாள்.

"ஆபீசர் வர்றாங்கல்ல? அந்தக் குப்பையைப் பார்த்தா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? வீட்டுக்கு ஆள் வந்தா வாசலைக் கூட்ட மாட்டோமா?"

"அவங்க வர்றதே அந்தக் குப்பையைப் பார்க்கத்தான் மாமா."

"குப்பையைப் பார்க்கவா? சம்பளம் கொடுத்தா அனுப்புறாங்க?"

"வெட்டக்கூடாது, வெட்டக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"உனக்கு நேரமில்ல, வாய்விட்டுக் கேக்க வெக்கப்படுறன்னு நினைச்சேன்."

அவர் முகம் மெல்ல இறங்கியது. புருவத்துப் புல்லும் கூடவே இறங்கியது.

அவருக்குத் தெருவில் நூல் என்று பெயர். எதைச் செய்தாலும் இரண்டு முளை அடித்து நூல் கட்டிவிட்டுத்தான் செய்வார். வீட்டு வாசலில் செருப்புகள் அளவுப்படி நிற்கும். கொடியில் சட்டைகள் உயரப்படி தொங்கும். மருமகள் புல்லை வளர்த்த நாளெல்லாம் அந்தப் பக்கம் போகும்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பதுபோல முகத்தை மறைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் இவளுக்காக இறங்கி வேலை செய்திருக்கிறார். திட்டவும் முடியவில்லை.

புருஷன் வாயில் பிரஷ்ஷோடு வந்தான். கரையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். சிரித்தான். அவனுக்கு அது ஒரு வியாதி. கஷ்டம் வந்தால் சிரிப்பு வரும். லாரி பள்ளத்தில் இறங்கியபோதுகூடச் சிரித்துக்கொண்டேதான் கண்ணாடி வழியாக வெளியே வந்தான்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல." நுரை தெறித்தது. "ஒண்ணு பண்ணுவோம். எல்லாத்தையும் திரும்ப நட்டுடலாம்."

அதை வேடிக்கைக்குத்தான் சொன்னான். மருமகள் கரையைப் பார்த்தாள். மண் நல்ல ஈரம். கேட்டைப் பார்த்தாள். அலுவலர் கேட்டில் வந்து நிற்பார். அங்கிருந்து ஓடை முதல் வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும்.

"கடப்பாரை எங்க?" என்றாள்.

"ஏய், நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா கேக்கல."

வேலை தொடங்கியது. ஒருவர் குத்த வேண்டும், ஒருவர் பிடிப்பிடியாகப் புல்லை நட வேண்டும், ஒருவர் மிதித்து இறுக்க வேண்டும். புருஷன் நட்டது உடனே படுத்துக்கொண்டது. திரும்ப நிறுத்தினான். திரும்பவும் படுத்தது.

"இது உங்க அம்மா மாதிரி," என்றான். "சொன்னா கேக்காது."

"எங்க அம்மாவை இழுக்காதீங்க. அழுத்தி மிதிங்க."

"உங்க அம்மாவையா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் ஆபத்து. பன்னிரண்டு மாடு போகப்போகிறது, இவள் சேற்றில் குந்திக்கொண்டு சிரிக்கிறாள். அடக்கினாள். மூக்கு வழியாக வந்தது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. பாவம் தீர்க்கிறவர் மாதிரி வேலை செய்தார். தன் பங்குக்குக் கேட்டை ஒட்டிய இடத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. கக்கத்தில் ஒரு டைல்ஸ். சந்தன நிறம், ஒரு அடிக்கு ஒரு அடி. புது ரகம் வந்தால் மாமனாரிடம் காட்டாமல் இருக்க மாட்டார். அலுவலர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகும் நிமிஷத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் ஒரு கணக்கு.

"என்ன மாமா, குடும்பமா சேத்துல?"

"வாங்க மாப்பிள்ளை. அந்தக் கட்டைப் பிடிங்க."

மாமனார் சொல்லி மறுக்க முடியுமா? ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாமனார் அதை நேராகத் திருப்பி வைத்தார்.

கொஞ்ச நேரம் மாப்பிள்ளை சும்மா புல்லை எடுத்து எடுத்துக் கொடுத்தார். பிறகு நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மாமா, இதுக்கும் அதுக்கும் இடைவெளி சரியில்லையே."

"எனக்கும் அதுதான் உறுத்துது."

"டைல்ஸை வெச்சுப் பார்க்கலாமா?"

வைத்தார்கள். கச்சிதம். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் இந்த உலகத்தில் இல்லை. ஒரு குத்து, ஒரு பிடி, டைல்ஸை வை, அடுத்த குத்து. மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் ஆனந்தம். வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருமகள் எதையும் பார்க்கவில்லை. அவள் தன் பங்கைக் கன்னாபின்னாவென்று நட்டுக்கொண்டிருந்தாள். இயற்கை மாதிரியே இருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

கார் சத்தம் கேட்டது.

ஓடி வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பார்த்தாள்.

கேட்டிலிருந்து வளைவு வரைக்கும் புல் நின்றது. இடுப்பளவு. அழகு. நீளவாக்கில் பார்த்தால் நேர்கோடு. குறுக்கே பார்த்தால் நேர்கோடு. மூலைவாக்கில் பார்த்தாலும் நேர்கோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் வரிசையில் நிற்பதுபோல நின்றது. கரையோரம் மாமனார் கட்டிய நூல்கூட இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

"ஐயோ," என்றாள்.

"என்னம்மா?" என்றார் மாமனார். "கோணலா?"

புருஷன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் முதுகு குலுங்கியது.

அலுவலர் காரிலிருந்து இறங்கினார். நடுத்தர வயதுப் பெண். பெரிய ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கேமரா, கையில் ஒரு கட்டுத் தாள். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். தும்மினார். இன்னொரு தரம் தும்மினார்.

"மன்னிச்சுக்கோங்க. புல்லுக்கும் எனக்கும் ஆகாது."

"மேடம் இதே வேலைலதானே இருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா. பரீட்சைல பாஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

கரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நடந்து போய் இந்த மூலையிலிருந்து பார்த்தார். அந்த மூலையிலிருந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்.

"ரொம்ப ஒழுக்கமா வளர்ந்திருக்கே," என்றார்.

மாமனார் நிமிர்ந்து நின்றார்.

"இங்க மண்ணு அப்படி மேடம்," என்றான் புருஷன். குரல் கீச்சென்று வந்தது.

மருமகள் அலுவலர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா? சொன்னால் திட்டம் போகும். சொல்லாவிட்டால், இந்த அம்மா குருடில்லை.

அவள் முடிவெடுப்பதற்குள் தலைவி வந்துவிட்டாள். மாடுகளில் மூத்தவள், கறுப்பி. கூட்டத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை வரும்போது தொழுவத்துப் படலைச் சாத்தவில்லை. தலைவி கரைக்கு வந்து முதல் பிடியைக் கடித்தாள். அது வேரில்லாமல் முழுசாகக் கையோடு வருவதுபோல வாயோடு வந்தது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தாள். அடுத்த பிடியை எடுத்தாள். அதற்கடுத்தது. வரிசை தவறாமல், ஒன்றுகூட விடாமல், பந்தியில் பரிமாறினதைச் சாப்பிடுகிறவள் மாதிரி நூலை ஒட்டியே போனாள். பின்னாலேயே மற்ற பதினொன்றும் வந்து ஆளுக்கொரு வரிசையில் நின்றன.

புருஷன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் ஊற்றியது.

அலுவலர் குனிந்து ஒரு பிடியை எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். நேராக வெட்டியிருந்தது.

"மேடம்," என்றாள் மருமகள். "இது வெட்டின புல்லு. காலைலதான் நட்டோம். தப்புதான். எழுதிக்கோங்க."

"அவ வெட்டலை," என்றார் மாமனார். முன்னால் வந்து நின்றார். "நான் வெட்டினேன். அவளுக்குத் தெரியாது. நீங்க வர்றீங்கன்னு வெட்டினேன். எதா இருந்தாலும் என் பேர்ல எழுதுங்க."

"நட்டது?"

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சேற்றுக் கையில் இருந்த டைல்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அலுவலர் தும்மினார். தும்மல் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பு. தும்மலும் சிரிப்பும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. காரில் சாய்ந்துகொண்டார். கைக்குட்டையை எடுத்தார்.

"நான் போற இடத்துல எல்லாம் யாராவது ஒருத்தர் முந்தின நாள் சவரம் பண்ணி வெச்சிருப்பாங்க. அப்பாவோ சித்தப்பாவோ. ஆபீசர் வர்றாங்க, சுத்தமா இருக்கட்டும்னு. இத்தனை வருஷத்துல ஒரு புதரைக்கூட நான் முழுசாப் பார்த்ததில்ல." மூக்கைத் துடைத்தார். "ஆனா திரும்ப நட்டு வெச்சது நீங்க ஒருத்தர்தான்."

"அப்போ திட்டம் போயிடுச்சா மேடம்?" என்றாள் மருமகள்.

"ஏன் போகணும்? வெட்டினது தப்பே இல்ல. அடில பாருங்க, பழைய காஞ்ச புல்லு மெத்தை மாதிரி மூடியிருந்திருக்கு. அதுக்குள்ள புது விதை எப்படி முளைக்கும்? வேலி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெட்டி அள்ளிடுங்கன்னு சொல்லத்தான் நான் வந்தேன். அதுக்கப்புறம்தான் தொடக்கூடாது."

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தியா என்கிற பார்வை.

"ஆனா வெட்டினதை அங்கயே விடக்கூடாது," என்றார் அலுவலர். "ஒண்ணு விடாம பிடுங்கி வெளில போடணும்."

"இவ்வளவு நேரம் நட்டதையா?" என்றார் மாப்பிள்ளை. வயிற்றில் அடித்த குரல்.

"தலைவி பாதியை முடிச்சுட்டா," என்றான் புருஷன் தரையிலிருந்து.

அலுவலர் தாளைக் கார் பானட்டின் மேல் விரித்தார். பேனாவை மாமனாரிடம் நீட்டினார். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அஞ்சு வருஷம் அந்த ஆறு மீட்டர்ல கை வைக்கக்கூடாது. அவ்வளவுதான்."

பேனா தாளுக்கு மேல் வந்து நின்றது.

"அஞ்சு வருஷமா?"

"அஞ்சு."

"ஓரத்தை மட்டும் லேசா..."

"கூடாது."

"அது வளைஞ்சு நெளிஞ்சு வளருமேம்மா."

"வளரட்டும்."

அவர் கரையைப் பார்த்தார். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ நாலு வரிசை இன்னும் நேராக நின்றது. மருமகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார். தெரியும். ஆனால் ஐந்து வருஷம் ஒரு கோணலைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா?

மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷத்தில்தான் தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தது. டைல்ஸைச் சட்டையில் துடைத்தார். வெள்ளைச் சட்டை போச்சு. பானட்டின் மேல், தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாமா," என்றார் மெதுவாக. "டைல்ஸ் வளையாது."

மாமனார் கட்டைவிரலால் டைல்ஸின் விளிம்பைத் தடவினார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. திரும்பவும் ஒருமுறை. அவர் கண்ணில் ஒரு கிறக்கம்.

மருமகள் ஒரு அடி முன்னால் வந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். மாடுகளைப் பற்றிச் சொல்லலாம். அது அவருக்குத் தெரியும். தவளையைப் பற்றிச் சொல்லலாம். அது அவருக்கு வேண்டாம். அவரை அவளுக்குத் தெரியும்.

"மேடம்," என்றாள். "வேலி எப்படிப் போடுவீங்க?"

"கம்பி வேலிதான். கல்லுத்தூண் நட்டு."

"தூணை யார் நடுவாங்க?"

"நாங்க தூண் கொடுப்போம். நடறது உங்க பாடு."

மாமனார் விரல் டைல்ஸின் மேல் நின்றது.

"கம்பிக்கு அடில புல்லு ஏறுமே மேடம்?"

"ஏறக்கூடாது. ஏறினா கம்பி துருப்பிடிக்கும். வேலிக்கு வெளிப்பக்கம் ஒரு முழம் அகலத்துக்கு யாராவது வெட்டிக்கிட்டே இருக்கணும்."

"வெட்டிக்கிட்டே இருக்கணுமா?" என்றார் மாமனார்.

"வாரா வாரம் வெட்டினாலும் சரி."

"எவ்வளவு நீளத்துக்கு?"

"ஓடை நீளத்துக்கும்."

மாமனார் டைல்ஸை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மரியாதையாக, இரண்டு கையாலும்.

"நல்ல சரக்கு மாப்பிள்ளை. கிடங்கை ரோட்டோரமா எங்கயாவது பாருங்க. வியாபாரத்துக்கும் நல்லது."

"மாமா..."

"தரை போடறப்போ என்னைக் கூப்பிடுங்க. நானே வந்து நூல் பிடிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்துக்குக் கோடு தேவையில்லை. கோடு மாதிரியே இருக்கும்.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவி அருகில் நின்றாள். மருமகள் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலைவி மென்றுகொண்டே இருந்தாள்.

"உங்க நடவை நான் போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார் அலுவலர். "ஆபீஸ்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

மாமனாரும் மாப்பிள்ளையும் மிச்சமிருந்த நாலு வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். மாப்பிள்ளை டைல்ஸைத் தூக்கிப் பிடித்தார். அலுவலர் எடுத்தார், தும்மினார், படம் ஆடிப்போனது. திரும்ப எடுத்தார்.

கார் போன பிறகு புல்லைப் பிடுங்க யாருக்கும் தெம்பில்லை. மாடுகளே பார்த்துக்கொண்டன. புருஷன் தேநீர் கொண்டுவரப் போனான். பாதி வழியில் நினைத்துக்கொண்டு சிரித்தது இங்கே கேட்டது. மருமகள் ஓடையில் கால் கழுவினாள்.

மாமனார் கரையில் தன் நூலை அவிழ்த்தார். சுருட்டி வைக்கவில்லை. வேலிக்காகக் கேட்டுப் பக்கத்தில் ஒரு முளை அடித்தார். மாப்பிள்ளை நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் நடந்தார். வெறுங்காலோடு, டைல்ஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாப்பிள்ளை."

"இங்கயா மாமா?"

"இன்னும். அங்க. நிறுத்துங்க."

மருமகள் ஏறி வந்து பார்த்தாள். ஓடை தன் போக்கில் அந்தப் பக்கம் விலகி வளைந்து போயிற்று. நூல் வளையவில்லை. கேட்டிலிருந்து கடைசி மரம்வரைக்கும் வயலை வெட்டிக்கொண்டு ஒரே நீட்டாகப் போயிற்று. வளைவு இருந்த இடத்தில் நூலுக்கும் ஓடைக்கும் நடுவே ஆறு மீட்டர் மட்டும் இல்லை. ஒரு வீடு கட்டலாம்.

"மாமா, ஆறு மீட்டர் விட்டாப் போதும்."

"தெரியும்."

"இந்த மூலைல பாதி மேய்ச்சல் போகுது. அவ்வளவும் புதராயிடும். பரவாயில்லையா?"

"குறைச்சுதான் விடக்கூடாது. கூட விட்டா தப்பில்லைதானே?"

"தப்பில்ல மாமா. ஆனா என் மாடு..."

"உன் மாட்டுக்கு மேட்டு வயலைத் தர்றேன்." அவர் தரையில் குந்தினார். ஒரு கண்ணை மூடினார். நூலோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். "இங்க வா. இப்படிக் குனிஞ்சு பாரு."

அவள் குனிந்தாள். ஒரு கண்ணை மூடினாள். தூரத்தில், நூலின் அந்த முனையில், மாப்பிள்ளையும் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரா இருக்கு மாமா," என்றாள்.

"இருக்குல்ல?" என்றார்.